விறகடுப்பு மண்

புகையிலை பறிக்கிற மாதத்தில் எங்கள் மஞ்சள்மண் மேட்டில் யாரும் சீக்காக விழக்கூடாது. விழுந்தால் பார்க்க ஆள் கிடையாது. விடிவதற்குள் காட்டில் நிற்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் இலை துவண்டுபோகும். பறித்ததை முதுகுக் கூடையில் மேடேற்றி, கழியில் ஜோடி ஜோடியாகக் கட்டி, சூளைக்குள் தொங்கவிட்டுத் தீ மூட்டினால், இலை மஞ்சளாகக் காய்கிறவரை அந்தத் தீயை விட்டு நகர முடியாது. கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஒரு வருஷத்துப் பாடு கறுத்துப்போகும். இந்த லட்சணத்தில்தான் தெங்லியாங்கின் பெண்டாட்டி பெய்லியென் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள்.

அவர்கள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. நடுவில் என் பன்றிக் கொட்டில் மட்டும்தான். அங்கே யார் இருமினாலும் எனக்குக் கேட்கும். நான் என் புருஷனைத் திட்டுவது அவர்களுக்குக் கேட்கும். அதனால் இரண்டு வீட்டுக்கும் இடையில் ரகசியம் என்று ஒன்று இருந்ததாக நான் நினைத்ததே இல்லை. அந்த வருஷம்தான் தெரிந்தது, இருந்திருக்கிறது என்று.

வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு. அப்பன் செத்த கையோடு அண்ணன் தெங்பாவ், தம்பி தெங்லியாங் இரண்டு பேரும் அடுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு, நடுவில் ஒரு பலகைச் சுவர். பழைய சமையல்கட்டு கிழக்கே இருந்ததால் மாமியார் காலத்து விறகடுப்பு அண்ணன் பெண்டாட்டி மன்யிங்குக்குப் போயிற்று. தம்பி தன் பக்கத்தில் நிலக்கரி அடுப்பு ஒன்று போட்டுக்கொண்டான். எங்கள் பக்கம் நிலக்கரிக்குப் பஞ்சமில்லை. சரிவில் மண்வெட்டி போட்டால் வந்துவிடும். மலையில் மரமெல்லாம் வெட்டித் தீர்ந்த பிறகு ஊரே அதற்கு மாறிவிட்டது. கரித்தூளைக் களிமண்ணோடு பிசைந்து உருட்டிப் போட்டால் நாளெல்லாம் கனன்றுகொண்டிருக்கும்.

மன்யிங் மட்டும் மாறவில்லை. சோளத்தட்டையும் ஓக் சுள்ளியும் பொறுக்கி வந்துதான் எரிப்பாள். அவள் புருஷன் பாவ், தொலைவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தான், புத்தாண்டுக்குத்தான் ஊருக்கு வருவான். "கரி வெட்டுறவன் பொண்டாட்டி விறகு பொறுக்குறா பாரு" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். "கரிப்புகையில தொங்குன பன்னிக்கறிய மனுஷன் திம்பானா" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். அவள் அடுப்புக்கு மேலே தொங்கிய கறிக்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது உண்மைதான்.

அன்றைக்கு முற்றத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து இலை கட்டிக்கொண்டிருந்தோம். புகையிலைப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துப் பிசுபிசுவென்றிருந்தது. பெய்லியென் இரண்டு கழி கட்டுவதற்குள் நான்கு தடவை எழுந்து ஓடினாள். திரும்பி வந்தபோது உதடு வெளுத்திருந்தது.

"என்னடி, நெஞ்சக் கரிக்குதா?" என்று கேட்டேன்.

"கரிக்கிறதுக்கு உள்ள என்ன இருக்கு அத்தே? வெறும் பச்சத் தண்ணிதான் வருது. தண்ணி குடிச்சா தண்ணி வருது, குடிக்கலன்னாலும் எங்கேர்ந்தோ வருது."

"போ, உள்ள போய்ப் படு" என்றாள் மன்யிங். "இந்த எல வாடையிலே குந்திக்கிட்டிருந்தா கொடலே வெளிய வந்துடும். உன் கழியையும் நானே கட்டுறேன்."

"நீ கட்டுவ. அப்புறம் பெரியத்தான் வந்ததும், 'உன் தம்பி பொண்டாட்டிக்கு நான்தான் மாடா ஒழைச்சேன்'னு பாட்டுப் பாடுவ."

"பாடுவேன். ரெண்டு பாட்டாப் பாடுவேன். நீ மொதல்ல எந்திரி."

பெய்லியென் சிரித்தாள், சிரிப்பிலேயே குமட்டல் வந்து வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மன்யிங் அவள் பின்னாலேயே போய் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். இதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் மன்யிங்கை நீங்கள் ராட்சசி என்று நினைத்துவிடுவீர்கள்.

பெய்லியெனுக்கு அது இரண்டாவது கரு. போன வருஷம் இதே பறிப்பில், முதுகுக் கூடையோடு வரப்பில் உட்கார்ந்தவள், எழுந்தபோது கால்சட்டை ரத்தத்தில் நனைந்திருந்தது. அதனால் இந்தத் தடவை லியாங் அவளைக் கண்ணாடிச் சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தான். இஞ்சித் துண்டை நாக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். புளிச்ச கீரைத் தண்ணீர் கொடுத்தார்கள். மணிக்கட்டுக்கு உள்பக்கம் இரண்டு நரம்புக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினார்கள். அங்கே தோல் கன்றிப்போனதுதான் மிச்சம். கடைசியில் ஆற்றங்கரைச் சந்தையிலிருந்து குவாங் வைத்தியரை வரவழைத்தார்கள்.

குவாங், ஊரெல்லாம் கூட்டுப்பண்ணையாக இருந்த கம்யூன் காலத்தில் மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை மலையாக நடந்தவர். பிறகு சந்தையில் கடை போட்டார். கைராசிக்காரர். வாயும் கொஞ்சம் நீளம். தன் மருந்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பக்கத்துக் கடைக்காரன் பலகையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். பெய்லியெனின் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பிடித்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"புள்ள நல்லா இருக்கு. நாடி முத்து உருள்ற மாதிரி வழுக்கி ஓடுது. இவ வயிறுதான் தலைகீழா நிக்குது. கீழ எறங்க வேண்டியது மேல ஏறுது."

"எதக் குடுத்தாலும் வெளிய வருதே மாமா, மருந்து மட்டும் உள்ள நிக்குமா?" என்றான் லியாங்.

"எவன் மருந்தோ நிக்காது. என் மருந்து நிக்கும்." பெட்டியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து உள்ளங்கையில் கொட்டினார். மஞ்சளாய்ச் சின்னச் சின்ன வில்லைகள். "பன்ஷியா கெழங்கு. பச்சையா நாக்குல வச்சா ஊசியாக் குத்தும், தொண்ட அடைச்சிடும். தண்ணி மாத்தி மாத்தி ஊற வச்சு, படிகாரம் போட்டு, இஞ்சிச் சாத்துல வேக வச்சு, நானே பக்குவம் பண்ணுனது. புள்ளத்தாச்சிக்கு இது ஆகாதும்பான் பாதிப் பேரு. வாந்திக்கு இத விட்டா வேற கதியில்லம்பான் மீதிப் பேரு."

"நீங்க எந்தப் பாதி?"

"பொழைக்க வக்கிற பாதி. ஆனா ஒண்ணு. வெறுந்தண்ணியில கொதிக்க வக்கக்கூடாது. அடுப்பு மண்ணுத் தெளிவுல கொதிக்க வக்கணும். அடுப்பு வயித்துக்குள்ள நட்ட நடுவுல, வருஷக்கணக்கா நெருப்புப் பட்டு வெந்து கெடக்குமே, அந்த மண்ணு. தண்ணியில போட்டுக் கொதிக்க விட்டு, தெளிய வச்சு, மேல்தண்ணிய எடுத்துக்க. வயித்த அப்படியே புடிச்சு உக்கார வைக்கும். விறகடுப்பு மண்ணா இருக்கணும். கரி அடுப்பு மண்ணு கிட்டயே போகாத. அதுல கந்தகமும் இன்னும் என்னென்னவோ ஏறிக் கெடக்கும். அது மருந்தில்ல, விஷம்."

எல்லோரும் வாசலில் நின்ற மன்யிங்கைத் திரும்பிப் பார்த்தோம். ஊரிலேயே விறகடுப்பு அவளுடையது ஒன்றுதான்.

அவள் இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "குடுக்கிறேன்" என்றாள். "இப்ப தீ எரியுது. ஆறட்டும். காலையில தோண்டித் தர்றேன்."

நான் அப்போது என்ன நினைத்தேன் என்றால், இவள் அடுப்பு உடைகிறதே என்று கணக்குப் பார்க்கிறாள், கஞ்சப்பிசினாரி என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. பிற்பாடு அவளே என்னிடம் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளை உண்டான வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, கட்டிலை நகர்த்தக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே அடுப்பைத் தோண்டக்கூடாது. கருத்தெய்வம் வீட்டுக்குள் நாளுக்கு ஒரு இடமாக மாறித் தங்கும். இன்றைக்குக் கதவில் என்றால் நாளைக்கு உரலில், நாளன்றைக்கு அடுப்பில். அது இருக்கிற இடத்தில் இரும்பு பட்டால் கரு நிற்காது. பெய்லியெனுக்கு அதில் பயமில்லை. மன்யிங்கின் அடுப்பு வேறு குடித்தனத்து அடுப்பு. பயம் மன்யிங்குக்குத்தான். அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

பாவ் நடுவில் ஒரு முறை, சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து வேலை நின்றபோது, வீட்டுக்கு வந்து போயிருந்தான். அதிலிருந்து அவள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வருஷம் பல ஆகியும் வயிறு திறக்காதவள். முன்னொரு தடவை இப்படித்தான் நாள் தள்ளியதும் ஆசை தாங்காமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். புளிப்புப் பிளம் வாங்கி வாசலில் உட்கார்ந்து தின்றாள். பிறகு ஒரு நாள் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஊர் சும்மா இருக்குமா? அவள் கிணற்றுக்கு வந்தால், "என்ன மன்யிங், பிளம் வேணுமா?" என்று கேட்காத ஆள் இல்லை. அதற்கப்புறம் இந்தத் தடவை அவள் புருஷனுக்குக்கூடச் சொல்லியனுப்பவில்லை.

இப்போது அடுப்பைத் தோண்ட மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால், நாளைக்கு இல்லையென்று ஆனால் மறுபடியும் பிளம். தோண்டினால், உள்ளே இருப்பது போய்விடும். அன்றைக்கு முழுக்க அவள் அடுப்பங்கரையில் எரிகிற தீயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் அண்ணன் தம்பி சேர்ந்து கட்டிய பழைய புகையிலைச் சூளை ஒன்று கூரை சரிந்து கிடந்தது. அதன் தீவாய் களிமண்ணால் பூசியது. வருஷக்கணக்காக நிலக்கரி எரிந்து எரிந்து செக்கச்செவேலென்று வெந்து, உள்ளே தேன்கூடு போலப் பொத்தல் பொத்தலாக இருக்கும். பொழுது விடியும்போது மன்யிங் கூடையை எடுத்துக்கொண்டு போய் அதில் ஒரு கட்டியைப் பெயர்த்தாள். மேலே படிந்த கரியைச் சுரண்டினாள், கழுவினாள், நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"நெறம் ஒண்ணுதான் அத்தே" என்றாள் பிற்பாடு என்னிடம். "மண்ணும் மண்ணுதான், நெருப்பும் நெருப்புதான், அந்த ஆளு சும்மா பெரிசு பண்ணுறாருன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன்னா, நெனைக்க வச்சேன். அவரு விஷம்னு சொன்னது காதுலயேதான் இருந்துச்சு."

தன் அடுப்பில் எடுத்தது என்று அவள் கொடுத்த அந்த மண்ணை லியாங் கொதிக்கவைத்தான், தெளியவைத்தான், தெளிவில் கிழங்கும் இஞ்சியும் போட்டு மூன்று கிண்ணத்தை ஒன்றாகச் சுண்டவைத்தான். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் மன்யிங் இலை கட்டாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"தீக்குச்சி வாட அடிக்குதுங்க" என்றாள் பெய்லியென்.

"மருந்துன்னா மணக்கவா செய்யும்? கண்ண மூடிக்கிட்டுக் குடி."

"தொண்டையெல்லாம் காந்துது."

"குடிம்மா. புள்ளைக்காகக் குடி."

ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். மன்யிங் கொடுக்கவில்லை.

மறுநாள் பெய்லியெனுக்கு வாந்தியில் இரத்தம் நூல் நூலாக வந்தது. வயிற்றில் கொள்ளி வைத்தது போல எரிகிறது என்று உருண்டாள். பிறகு உருளவும் தெம்பில்லாமல் சுருண்டுவிட்டாள். மூங்கில் நாற்காலியில் இரண்டு கழியைக் கட்டி, போர்வையைச் சுற்றி, அவளை அதில் உட்காரவைத்துக் கீழே இறக்கினோம். ஆம்பிளைகள் பாதிப் பேர் சூளைத் தீயில் இருந்தார்கள். முன்கழிக்கு லியாங். பின்கழிக்கு யார் என்று பார்ப்பதற்குள் மன்யிங் தோளைக் கொடுத்துவிட்டாள். நான் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மழை பெய்து ஓய்ந்த பாதை, கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது.

பாதி வழியில் மன்யிங் ஒரு கணம் நின்றுவிட்டாள். "என்ன அண்ணி?" என்று லியாங் முன்னாலிருந்து கத்தினான். "ஒண்ணுமில்ல, நட" என்றாள். கழி தோளில் இருக்கும்போதே அவளுக்குத் தொடையில் ஈரம் இறங்கியது. எதைக் காப்பாற்ற அந்த வேலை செய்தாளோ அது இல்லவே இல்லை என்று அந்தச் சரிவில் தெரிந்துபோயிற்று. கழியை இறக்கிவைக்க முடியுமா? ஆற்றங்கரை வரைக்கும் சுமந்துகொண்டேதான் போனாள்.

சந்தை ஆஸ்பத்திரியில் பாட்டில் மாட்டினார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர் லியாங்கைத் தனியே கூப்பிட்டு, "தண்ணி ஏத்தி ஏத்தி எத்தன நாள் ஓட்டுறது? தாயோட உடம்புல சத்தே இல்ல. இப்படியே போனா புள்ளையக் கலைக்கிறத விட வேற வழியில்ல" என்று சொன்னார். பெய்லியெனுக்குப் பாதி மயக்கத்திலும் அது கேட்டிருக்கிறது. "கலைக்க மாட்டேன்" என்றாள். அதற்கப்புறம் யார் எது கேட்டாலும் அதே ஒரு வார்த்தைதான்.

லியாங் அங்கிருந்து நேரே குவாங் கடைக்குப் போனான், மன்யிங்கும் பின்னாலேயே போனாள். அன்று சந்தை நாள். பன்றிக்குட்டி வாங்க வந்தவன், மிளகாய் விற்க வந்தவள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"புள்ளத்தாச்சிக்கு ஆகாத கெழங்கக் குடுத்து என் குடும்பத்தையே அழிச்சிட்டியே. கைராசியாம் கைராசி."

குவாங்கின் முகத்தில் ரத்தம் இல்லை. "மண்ணு?" என்று கேட்டார். "மண்ணு சரியானதுதானே?"

"இந்தா நிக்கிறாங்களே எங்க அண்ணி, தன் அடுப்பையே ஒடைச்சு எடுத்துக் குடுத்தாங்க. ஊருக்கே இருக்கிற ஒரே விறகடுப்பு. அவங்களையும் குத்தம் சொல்லப் போறியா? நாக்கு அழுகிப் போயிடும்."

"இல்ல இல்ல" என்றார் குவாங். மன்யிங்கைப் பார்த்துத் தலையைக் குனிந்தார். "அந்தம்மாவ ஒண்ணும் சொல்லல."

மன்யிங் அங்கேதான் நின்றாள். அவளுக்கு அப்போதே வாய் வந்ததாம், சத்தம்தான் வரவில்லையாம். கொழுந்தன் தனக்காகப் பரிந்து பேசுகிறான், வைத்தியர் தனக்குத் தலைகுனிகிறார். அதற்குப் பேசாமல் ஆற்றில் இறங்கியிருக்கலாம் என்றாள். இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து இலை கட்டினாள். தன் கழியைக் கட்டினாள், பெய்லியெனின் கழியைக் கட்டினாள், என்னுடையதையும் இழுத்து வைத்துக் கட்டினாள். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்றாள்.

பெய்லியென் பிடிவாதம் பிடித்து வீட்டுக்குத் தூக்கிவரச் செய்தாள். பாட்டில் தண்ணீரின் தெம்பு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. லியாங் முடிவு செய்துவிட்டான். நாளைக் காலையில் கீழே கொண்டுபோய்க் கலைத்துவிடுவது, பெண்டாட்டியாவது மிஞ்சட்டும். அதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, என்னிடம் வந்து சொன்னான். நான் போய் அவளிடம் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் குவாங் மேடேறி வந்தார். எப்போதும் ஊர் எல்லையிலேயே அவர் குரல் கேட்கும். அன்று முற்றத்துக்கு வந்த பிறகுதான் ஆளையே பார்த்தோம். உதடு வீங்கியிருந்தது.

"என்ன மாமா இது, வாய்?" என்றேன்.

"தின்னேன்" என்றார். "என் கெழங்க நானே தின்னு பாத்தேன். மொத நாளு ஒண்ணும் இல்ல. மறுநா குத்துற மாதிரி இருந்துச்சு. இன்னும் ரெண்டு தின்னேன். குத்துதா, குத்துதுன்னு நான் நெனைக்கிறனா, எனக்கே தெரியல. இந்தக் கைய நம்பித்தானே இத்தன வருஷம் ஊருக்குக் குடுத்தேன். எல்லாத்தையும் ஆத்துல கொட்டிட்டேன்." லியாங்கைப் பார்த்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்பா. நீ அடிக்கிறதுன்னா அடி. என் கையாலதான் அந்தப் புள்ள போவுது."

மன்யிங் கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள்.

"லியாங்," என்றாள். "மம்முட்டிய எடுத்துக்கிட்டு வா. மாமா, நீங்களும் வாங்க. வந்து என் அடுப்பப் பாருங்க."

"இப்ப எதுக்கு அண்ணி அடுப்பு?"

"வான்னா வா."

நானும் பின்னாலேயே போனேன். அடுப்பில் செம்மொச்சையும் புளிச்ச கீரையும் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் குழம்போடு அந்தப் பெரிய இரும்புச் சட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள், தீயின் மேல் தண்ணீரை ஊற்றினாள். சமையல்கட்டு முழுக்க ஆவி. அது அடங்கியதும் லியாங் குனிந்து சாம்பலை விலக்கினான்.

"எங்க தோண்டுனீங்க?"

அவன் இன்னும் உள்ளே கையை விட்டுத் துழாவினான். அடுப்பின் அடிவயிறு ஒரு கீறல் இல்லாமல், கல் மாதிரி, மாமியார் கட்டிய நாளிலிருந்து வெந்தபடியே இருந்தது.

"அண்ணி, எங்க தோண்டுனீங்கன்னு கேக்குறேன்."

"தோண்டல."

குவாங் அவனைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்தார். சாம்பலைக் கையால் வழித்துவிட்டு அந்த மண்ணைத் தடவிப் பார்த்தார். வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி. "அப்ப அந்த மண்ணு?"

"பழைய சூள. தீவாய்."

"கரிச் சூளையா?"

"ஆமா."

குவாங் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் கெழங்கு இல்ல" என்றார். எங்களிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். "என் கெழங்கு இல்ல." பிறகு கரிக்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் தன்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது என்று மன்யிங் பின்னால் சொன்னாள்.

லியாங் மண்வெட்டியோடு நின்றான். அவன் அதை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்து நான் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"ஏன் அண்ணி?" என்றான். "அவ உங்கள என்ன பண்ணுனா?"

"எனக்கு நாள் தள்ளியிருந்துச்சு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான். "சரி. அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவளத் தூக்கிட்டுப் போனோமே, அந்த வழியிலேயே வந்துடுச்சு."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மண்ண நாங்க கேட்டிருக்கவே மாட்டோமே."

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்க."

பிளம் வேணுமா என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. மன்யிங் அவன் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி அடுப்புக்குள் இறக்கினாள். முதல் வெட்டுக்கு அசையவில்லை. இரண்டாவதற்குப் பிளந்தது. "போதும்மா, ஒரு கைப்பிடி போதும்" என்று குவாங் எழுந்து வந்தார். அவள் நிறுத்தவில்லை. வாய் உடைந்து, பக்கச்சுவர் சரிந்து, சட்டி வைக்கிற விளிம்பு இடிந்து விழுகிறவரை வெட்டினாள். கடைசியில் நான்தான் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன்.

கிழங்கு ஆற்றோடு போய்விட்டதால் மண் தெளிவும் இஞ்சியும் மட்டும்தான். குவாங் அவர் கையாலேயே காய்ச்சினார், ஆறவைத்தார், முதலில் தான் ஒரு வாய் குடித்தார். பெய்லியென் கட்டிலில் கண் திறந்தபடி கிடந்தாள். நடுவில் இருப்பது பலகைச் சுவர். அவளுக்கு எல்லாமே கேட்டிருக்கும். கிண்ணத்தைப் பார்த்தாள், வாசலில் நின்ற மன்யிங்கைப் பார்த்தாள்.

"இது எந்த மண்ணு?"

"என் அடுப்பு" என்றாள் மன்யிங். "இப்பத்தான் தோண்டுனேன்."

பெய்லியென் லியாங்கைப் பார்த்து வாயைத் திறந்தாள். ஒரு கரண்டி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்து காதை அங்கேயே வைத்திருந்தோம். சூளையில் தீ இறங்குகிறது என்று என் புருஷன் கத்தினான், கிடக்கட்டும் என்றேன். அந்தக் குமட்டல் சத்தம் இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்தோம். வரவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் சோளக் கஞ்சித் தண்ணீர் கேட்டாள். அது உள்ளே தங்கியது.

எது நிறுத்தியது என்று இன்றைக்கும் ஊரில் சண்டை உண்டு. குவாங் மண்தான் என்பார், அவருக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. பாட்டில் தண்ணீர்தான் என்று சிலர், கருவுக்கு மாதம் ஏறியதால் தானே நின்றது என்று சிலர். என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நாளைக் காலையில் கலைப்பது என்ற பேச்சு எழவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் மன்யிங் முற்றத்தில் மூன்று கல் கூட்டித்தான் சமைத்தாள். புத்தாண்டுக்கு வந்த பாவ் இடிந்த அடுப்பைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. தம்பி சொல்லியிருப்பான். இரண்டு நாள் கழித்து அந்த இடத்தில் நிலக்கரி அடுப்பு ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சுரங்கத்துக்குத் திரும்பினான். குளிர் குறைகிற நேரத்தில் பெய்லியெனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல தொண்டை. என் பன்றிகளே பயந்தன.

பெய்லியென் மன்யிங்கை ஒரு வார்த்தை கேட்டதில்லை. "அக்கா" என்று கூப்பிடுவதும் மாறவில்லை, கிண்டலும் போகவில்லை. ஒன்றே ஒன்றுதான். மன்யிங் எது சமைத்துக் கொண்டுவந்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள், "அப்புறம் சாப்பிடுறேன்க்கா" என்று ஓரமாக வைத்துவிடுவாள். அது அப்படியே ஆறும். பிறகு கொட்டிலுக்குப் பின்பக்கமாக வந்து என்னிடம் நீட்டுவாள். "பன்னிக்கு ஊத்திடு அத்தே. அக்காகிட்ட சொல்லிடாத." அந்தப் புத்தாண்டுக்கு என் பன்றி நன்றாகக் கொழுத்தது. மன்யிங்குக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? என் பன்றி என்ன தின்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்துக்கு முற்றம் முழுக்க மேசை போட்டிருந்தார்கள். சிவப்புச் சாயம் தோய்த்த முட்டை தட்டுத் தட்டாகப் போயிற்று. குவாங் பெரியவர்கள் மேசையில் உட்கார்ந்து மண்ணின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெய்லியென் குழந்தையோடு வாசல் நாற்காலியில் இருந்தாள். மன்யிங் ஒரு கிண்ணத்தில் புளித்த அரிசிக் கள்ளில் முட்டை உடைத்து ஊற்றி, சர்க்கரை போட்டு, ஆவி பறக்கக் கொண்டுவந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது அது. பக்கத்தில் வந்ததும் கொடுக்காமல், எல்லோரும் பார்க்க, முதலில் தான் ஒரு வாய் குடித்தாள். பிறகுதான் நீட்டினாள்.

"அப்படிப் பண்ணாதக்கா" என்றாள் பெய்லியென் மெதுவாக. "எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீ குடி."

பெய்லியென் கிண்ணத்தை வாங்கினாள். வாய்வரைக்கும் கொண்டுபோனாள். உண்மையாகவே குடிக்கத்தான் பார்த்தாள், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உதடு விளிம்பில் பட்டது. முகம் வெளுத்துக் கிண்ணத்தைக் கீழே இறக்கிவிட்டாள்.

"எனக்கு உன் மேல கோவம் இல்லக்கா" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "சத்தியமா இல்ல. மனசு எப்பவோ சரியாயிடுச்சு. வயிறுதான் கேக்க மாட்டேங்குது."

"சரி" என்றாள் மன்யிங். "கேக்கலன்னா விடு."

கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். விருந்தாளிகள் முன்னால் கொட்ட முடியாது. அங்கேயே நின்று, அவசரப்படாமல், முட்டையையும் தின்று கள்ளையும் அடிவரைக்கும் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "கொழந்தையக் குடு, கொஞ்ச நேரம் வச்சிருக்கேன்" என்று கையை நீட்டினாள்.

பெய்லியென் யோசிக்கவேயில்லை, உடனே கொடுத்துவிட்டாள்.